சூடு தொட்டதெல்லாம்

அரசன் முத்திரை குத்தியதெல்லாம் சட்டமாக இருந்த முன்னொரு காலத்தில், ஓர் அரசனுக்கு மூட்டுவலி வந்தது. ஊர்ப் பொதுநிலத்தில் பொங்கிய வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு முழுகினான், வலி பறந்தது. இவ்வளவு நல்ல சூடு சும்மா கிடக்கிறதே, குத்தகைக்கு விட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

"ஆனால் சூடு என்றால் எது எது? அதை வரையறுக்க வேண்டுமே!" என்றான் அரசன்.

பொருளமைச்சன் மாறநம்பி தயாராகவே ஓலை வைத்திருந்தான். "நிலத்தடியிலிருந்து எழும் வெப்பமும், அவ்வெப்பம் தொட்ட அனைத்தும் குத்தகைதாரருக்கே உரியவை." அரசன் முத்திரை குத்தினான். குத்தகைதாரன் மாறநம்பியின் மைத்துனன். வேறு யாராக இருக்க முடியும்?

மறுநாள் சலவைக்கார நாச்சி அரசவை விகடகவி வெண்காடனிடம் ஓடிவந்தாள். அவள் தெருவே அந்த ஊற்றின் ஆவியில்தான் துணிக்கு வெள்ளாவி வைக்கும்.

"ஆவி பட்ட துணியெல்லாம் அவங்களுதாம், ஐயா. புடுங்கிட்டுப் போறாங்க. தெருவே பட்டினியாக் கிடக்கு."

வெண்காடனுக்கு மனம் கொதித்தது. முகத்தில் காட்டவில்லை.

"அரண்மனைத் துணியும் உங்க வெள்ளாவிதானே, நாச்சி?"

"ஆமாங்க. ராசா உடுப்பு அத்தனையும் போன வாரந்தான் வெளுத்துக் குடுத்தோம்."

அடுத்த நாள் காலை, அரசன் சபைக்கு ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"என் உடைகள் எங்கே?"

"குத்தகைதாரர் வீட்டில், அரசே," என்றான் வெண்காடன். "வெப்பம் தொட்டவை. அடியேனே மூட்டை கட்டி ஒப்படைத்தேன்."

"இது ராஜத்துரோகம்!" என்று கத்தினான் மாறநம்பி.

"தங்கள் வேட்டியும் அங்கே வெளுத்ததுதான், அமைச்சரே. சபை கலைந்ததும் கொடுத்தால் போதும்."

மாறநம்பி வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வாசலில் பல்லக்கு எதற்கு?" என்றான் அரசன்.

"தங்களுக்குத்தான், அரசே. ஊற்றில் கழுத்தளவு முழுகினீர்கள். ஆகவே கழுத்துக்குக் கீழே தாங்கள் அமைச்சரின் மைத்துனருக்குச் சொந்தம். தலை அரசாங்கத்துக்கு உரியது. அதை மட்டும் இங்கே நிறுத்திக்கொள்வது எப்படி என்று அமைச்சர்தான் சொல்ல வேண்டும்."

அரசன் மாறநம்பியைப் பார்த்தான். மாறநம்பி தரையைப் பார்த்தான். அரசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓலையைத் தூக்கி எறிந்தான்.

"நீயே எழுது, வெண்காடா!"

வெண்காடன் எழுதினான்: "பொதுநிலத்துச் சூடு பொது."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். அதுவும் ஊற்றில் முழுகிய மாலைதான். யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை நாச்சியின் தெருவில் வெள்ளாவிக்கு முதலில் ஏறியது அந்த ஜன்னல் திரை. நாற்பது வருட அழுக்கு.