பூசணிக்காய் அளவில் ஒரு புரோட்டான்

வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி கல்தரையில் டக் டக்கென்று விழும் சத்தம், வயதான பிறகும் செல்லக்கனியின் காதை விட்டுப் போகவில்லை. அந்தத் தடியை ஊன்றிக்கொண்டுதான் பள்ளித் தாளாளர் அம்பலவாணர் அன்று ஆய்வகத்துக்குள் வந்தார். ஆய்வக உதவியாளரான செல்லக்கனி அங்கே சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கண்காட்சிக்கு மந்திரி வர்றார். ஹைட்ரஜன் அணு ஒண்ணு செஞ்சு வை. அவர் காரிலிருந்தே பார்க்கணும். அதனால நடுவில இருக்கிற புரோட்டான் பூசணிக்காய் அளவு இருக்கட்டும். மிச்சமெல்லாம் அதே விகிதத்தில் வரணும். ஒரு நூல் பிசகினாலும் உனக்கு வேலை கிடையாது."

"சரிங்கய்யா."

மறுநாள் மந்திரி வந்து இறங்கியபோது மைதானத்தின் நடுவில் ஒரு பூசணிக்காய் மட்டும் இருந்தது. பக்கத்தில் கடப்பாரையோடு நாலு ஆட்கள் நின்றார்கள்.

"எலக்ட்ரான் எங்கே புள்ள?" என்று உறுமினார் அம்பலவாணர்.

"அது பத்து கிலோமீட்டர் தள்ளிங்கய்யா. இந்நேரம் நல்லூரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும்."

"நடுவில என்ன?"

"ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்கய்யா. அணுவுக்குள்ள அவ்வளவும் வெறும் வெளி. அய்யாவோட ரைஸ்மில், கல்யாண மண்டபம், பங்களா மூணும் உள்ளே மாட்டிக்கிச்சு. எதை முதல்ல இடிக்கட்டும்?"

மந்திரி பக்கத்தில் நின்ற பள்ளியின் இயற்பியல் ஆசிரியரைப் பார்த்தார். கணக்கு சரிதான் என்று அவர் தலையாட்டினார்.

"இடிங்க, இடிங்க," என்றார் மந்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அறிவியலுக்காகத்தானே!"

அம்பலவாணர் ஓடிப் போய்ப் பூசணிக்காயைத் தாமே தூக்கிக்கொண்டார்.

செல்லக்கனி அதே ஆய்வகத்தில் இன்னும் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள்.