துணி நனையாத மடம்

“‘துணிமூட்டையெல்லாம் உள்ள படுத்திருக்கு, எம் புள்ள மழையில கெடக்கு, நல்லா இருக்கு சாமி ஒங்க மடம்!’ இப்படியே கேட்டா அந்தச் செல்லக்கிளி, என் மூஞ்சிக்கு நேரா. நான் என்ன தப்பு பண்ணினேன் அம்மா?”

சீடர் தில்லைநாயகம் கத்திக்கொண்டிருந்தார். குரு அருளம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். செல்லக்கிளியின் குழந்தைக்கு டாக்டரைத் தேடிப் போய், பாலம் உடைந்து கிடந்ததால் வெறுங்கையோடு இப்போதுதான் திரும்பியிருந்தார்.

புயல் மீனவர் குப்பத்தையே துடைத்துப் போட்டுவிட்டது. கூரையோடு நின்றது மடத்துக் கூடம் ஒன்றுதான்; சனமெல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருந்தது. இடிந்த வீடுகளில் ஏதாவது மிஞ்சியதா என்று சனம் தேடப் போன நேரம் பார்த்து நிவாரணத் துணிமூட்டைகளோடு லாரிகள் வந்தன. தில்லைநாயகம் துறவுக்கு முன் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். துணியில் ஈரம் பட்டால் அவருக்கு உயிரே போய்விடும். எல்லா மூட்டைகளையும் கூடத்துக்குள் உத்தரம் முட்ட அடுக்கச் சொன்னார். சனம் திரும்பி வந்தபோது கால் வைக்க இடமில்லை. செல்லக்கிளி, ஜுரத்தில் கொதிக்கும் கைக்குழந்தையோடு எதிரே ஒரு கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அருளம்மை ஒரு மூட்டையைப் பிடித்து மழையில் இழுத்துப் போட்டார்.

“அம்மா! நனைஞ்சிடும்!”

“நனையட்டும்.”

“அன்போட குடுத்தது.”

மூட்டை வாய் பிளந்தது. ஜரிகை உதிர்ந்த பாவாடை, ஒற்றைக் காலுறை, பித்தான் போன கல்யாணக் கோட்டு. போகிக்கு எரிக்க வேண்டியதற்கெல்லாம் லாரி வாடகை கொடுத்திருந்தார்கள்.

“இந்தாங்க, கோட்டு. உங்க அளவுதான். போட்டுக்கிறீங்களா?”

தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வந்த பிச்சையைத் திருப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

“பிச்சைன்னா நாம போய்க் கேக்கறது. இதை யார் கேட்டா?”

அருளம்மை அடுத்த மூட்டையை இழுத்தார்.

அதற்குள் இன்னொரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

“சாமி, எங்க எறக்கறது? பேனரோட ஒரு போட்டோ வேணும். ஓனர் கண்டிப்பா சொல்லியிருக்காரு.”

“என்ன சொல்லட்டும் அம்மா?”

“அவளைப் போய்க் கேளுங்க.”

“யாரை?”

“செல்லக்கிளியை. இத்தனை பேர் குடுத்தாங்களே, ஒனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது அவளைக் கேட்டாங்களா?”

“இல்லை.”

“நீங்க?”

தில்லைநாயகம் மழையில் இறங்கி நடந்தார். தார்ப்பாய்க்கு முன்னால் குனிந்தார். குழந்தை அழவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. செல்லக்கிளி அதன் இமைகளை விரலால் மூடிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்க வந்ததையே கேட்டார்.

“உனக்கு என்னம்மா வேணும்?”

அவள் கூடத்தைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள்.

“பொதைக்கறதுக்குக் கோடித் துணி வேணும் சாமி. யாரும் உடுத்தாதது. ஒரு முழம் போதும். இருக்குமா?”