கோழிக்கூடு சுத்தமாக இருந்த கதை

ஆவாரங்குளத்தில் புத்திக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. செலவழித்தால்தானே பஞ்சம் வரும்? அந்த ஊரில், அதிலும் மாடக்கண்ணு வீட்டில், அதைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தார்கள்.

மாடக்கண்ணு மூத்தவர். இசக்கி, வெள்ளப்பாண்டி என்று அவருக்கு இரண்டு தம்பிகள். மூன்று பேரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள், தொந்தரவே அங்கேதான். அந்த வீட்டில் யோசிக்கிற வேலையை மாடக்கண்ணுவின் மனைவி வடிவு ஒருத்திதான் பார்த்து வந்தாள். அவள் பார்க்கிறாளே என்று மற்றவர்கள் அதில் தலையிடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் வடிவு ஒரு கோழிக்கூடு கட்டியிருந்தாள். மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்பக்கம் கம்பிவலை, மேலே ஓடு, ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு. கோழிகளில் அவளுக்கு ரொம்பச் செல்லம் செவலைக்கோழி. அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அது இப்போதுதான் முதல் தடவையாக அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுப்பங்கரை மூலையில் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கிக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வடிவின் தங்கச்சிக்குப் பேறுகாலம் என்று போன் வந்தது. போகாமல் இருக்க முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூவரையும் முற்றத்தில் நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. கூட்டைத் தினமும் கூட்டணும். எச்சம் கிடக்கக் கூடாது. தண்ணி நாம குடிக்கிற மாதிரி சுத்தமா இருக்கணும். கூட்டுக்குள்ள காத்து வரணும், ஆனா கோழி மேல நேரா அடிக்கக் கூடாது. ஒரு மூலையில அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைங்க, பேன் கடிச்சா அதுல பொரண்டுக்கிடும். பொழுது அடையுறதுக்குள்ள கதவைச் சாத்திரணும், கீரி வரும்."

மூன்று தலைகளும் ஆடின.

"செவலையை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அதை எழுப்பக் கூடாது, கூடையில கை வைக்கக் கூடாது. அது தானா இறங்கித் தின்னுட்டு தானா ஏறிக்கிடும். மானம் இருட்டிக்கிட்டு வந்தா கூடையில ஒரு இரும்புத் துண்டு போடுங்க. இல்லன்னா இடிச் சத்தத்துல முட்டையெல்லாம் கூமுட்டையாயிரும்."

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "அந்த அடை மட்டும் கெட்டுச்சு, நான் எங்கம்மா வீட்டுலேயே இருந்துக்கிடுவேன். ஆமா!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாடக்கண்ணு சிரிப்பைக் கவனிக்கவில்லை, சொன்னதை மட்டும் கவனித்தார். வடிவு கடைக்குப் போய் வரக் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனையில் போய் நிற்கிற மனுஷன் அவர். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"தம்பிகளா, ஒரு வார்த்தை பிசகக் கூடாது" என்றார்.

முதலில் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. மண்சட்டியைத் தேய்த்துக் கழுவி, குடிதண்ணீர் ஊற்றி வைத்தார்கள். வந்த முதல் கோழி அதில் அலகை வைத்தது.

"எச்சில் பண்ணிட்டுதே!" என்று இசக்கி பதறினார். "மதினி நாம குடிக்கிற மாதிரின்னுல்ல சொன்னாங்க. நாம என்ன சொம்புல வாய் வச்சா குடிக்கோம்?"

"தூக்கித்தான் குடிக்கோம்" என்றான் வெள்ளப்பாண்டி. "அண்ணே, அதைப் பாருங்க. ஒவ்வொரு வாய்க்கும் அண்ணாந்து அண்ணாந்து பாக்கு. அதுக்கும் தூக்கிக் குடிக்கத்தான் ஆசை. பாவம், சொம்பைத் தூக்கக் கை இல்லை."

இது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து மாடக்கண்ணு கோழியைப் பிடித்துக்கொள்ள, இசக்கி சொம்பை உயரத் தூக்கி ஊற்றினார். பெரும்பாலும் மாடக்கண்ணு குளித்தார். சேவல் மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டது என்று இசக்கி இன்றைக்கும் சாதிக்கிறார். சேவலைக் கேட்டுச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

அடுத்தது காற்று. உள்ளே வர வேண்டும், கோழி மேல் அடிக்கக் கூடாது. வெள்ளப்பாண்டி வெளியே நின்று விசிறியால் கம்பிவலை வழியாக வீசினான். இசக்கி உள்ளே ஒரு பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, வந்த காற்று கோழி மேல் படாமல் தடுத்தார். காற்றுக்கும் குறைவில்லை, கோழிக்கும் படவில்லை. இரண்டு பேருக்கும் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆனாலும் மதினி சொன்னது அச்சு அசலாக நடக்கிறது என்று மனதுக்குள் திருப்தி.

இதெல்லாம் சுலபம். எச்சம்தான் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. கூட்டித் துடைத்து நிமிர்வதற்குள் ஒரு கோழி தன் வேலையை முடித்திருக்கும். அதைத் துடைத்தால் அந்தப் பக்கம் இன்னொன்று. சிரட்டையும் கையுமாக ஆளுக்கொரு கோழியின் பின்னால் குந்திக் காத்திருந்து பார்த்தார்கள். தனக்குப் பின்னால் ஒருவர் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தால் கோழிக்கு மட்டும் கூச்சமாக இருக்காதா? அவை நகர்ந்து போய் வேறு இடத்தில் போட்டன.

மூவரும் கூட்டு வாசலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நேத்து கோழியெல்லாம் வெளிய மேயப் போனப்ப கூடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான் வெள்ளப்பாண்டி.

"பளிச்சுன்னு இருந்துச்சு."

"அதுக திரும்பி வந்தப்புறம்?"

மாடக்கண்ணு மெதுவாக எழுந்து நின்றார். "அட! அப்ப கூட்டை அசிங்கம் பண்றதே இந்தக் கோழிகதானா?"

இத்தனை நாள் இந்த விஷயம் வடிவுக்கே தெரியாமல் இருந்ததை நினைத்து மூவரும் வருத்தப்பட்டார்கள். கூடு சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் கோழிகளை வேறெங்காவது வைக்க வேண்டும். வெளியே விட்டால் கீரி பிடிக்கும். மிச்சம் இருந்தது வீடுதான்.

"வீட்டைப் பத்தி மதினி ஏதாவது சொன்னாங்களா?" என்று இசக்கி சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கேட்டார்.

"கூடுதான் சுத்தமா இருக்கணும்னா. வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை" என்றார் மாடக்கண்ணு.

உடனே கோழிகளை எல்லாம் வீட்டுக்குள் விட்டார்கள். கட்டிலில் இரண்டு ஏறிக்கொண்டன. சேவல் டிவி மேல் போய் நின்றுகொண்டது. கூட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு கோலமும் போட்டார்கள். அப்படி ஒரு கோழிக்கூட்டை அந்த வட்டாரத்தில் எவனும் கண்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் ஒரு உறுமல் கேட்டதும் மாடக்கண்ணு துள்ளி எழுந்தார். "இரும்பு! இரும்பு போடுங்கடே!"

இசக்கி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அது கூடையைவிடப் பெரிது. அருவாளைக் காட்டினால் கோழி தப்பாக நினைத்துக்கொள்ளும். தேடு தேடென்று தேடி, கடைசியில் வெள்ளப்பாண்டி தன் இடுப்பில் சொருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்தான். அளவு பிரமாதம். கூடையில் கை வைக்கக் கூடாதல்லவா, அதனால் சாவியை அகப்பையில் ஏந்தி வைக்கோலோரம் மெல்ல இறக்கினார்கள். செவலை அதை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

பூனைநடை நடந்து மூவரும் வெளியே வந்தார்கள். கீரி வந்துவிடக் கூடாதே என்று வெள்ளப்பாண்டி கதவைச் சாத்திப் பூட்டை அழுத்தினான். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் நல்ல ஜாதிப் பூட்டு அது. டக்கென்று விழுந்தது.

இசக்கி பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"சாவி உள்ள இருக்கு" என்றார்.

"ஆமா. செவலைக்கு அடியில" என்றார் மாடக்கண்ணு.

"கதவு திறந்திருந்தா மட்டும் எடுத்திர முடியுமா? கூடையில கை வைக்கக் கூடாதே" என்றான் வெள்ளப்பாண்டி. இதைக் கேட்டதும் மூவருக்கும் பாதிக் கவலை குறைந்தது.

"பூட்டை உடைச்சிருவோமா?" என்று கேட்டார் இசக்கி.

"சத்தத்துல செவலை எந்திரிச்சுட்டா? அடை கலைஞ்சா வடிவு வரமாட்டா." மாடக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாம எங்க கிடந்தா என்னப்பா, அவ வந்தாப் போதும்."

அண்ணன் கண் கலங்கினால் தம்பிகளுக்குத் தாங்காது. இப்போது படுக்க இடம் வேண்டும், மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கழுவித் துடைத்த இடம் ஒன்று சும்மாதான் கிடந்தது.

உள்ளே நுழைந்து வரிசையாகக் குந்தினார்கள். பொழுது அடைவதற்குள் கதவைச் சாத்த வேண்டும், கொக்கியோ வெளியே இருந்தது. வெள்ளப்பாண்டி வெளியே போய்க் கொக்கியை மாட்டினான். பிறகு அண்ணன்களிடம் மாட்டிவிட்டதைச் சொல்வதற்காகக் கொக்கியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். "நல்லா மாட்டிட்டேன்ணே, நீங்க நிம்மதியாப் படுங்க" என்றான். அவர்களும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

அப்படியே நாட்கள் ஓடின. குருணைச் சாக்கு தாழ்வாரத்தில் இருந்ததால் யாரும் பட்டினி இல்லை. பாதியை ஜன்னல் வழியாகக் கோழிகளுக்கு வீசிவிட்டு, மீதியை முற்றத்தில் கல் கூட்டி, கோழிக்குத் தண்ணீர் வைத்த மண்சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். தண்ணீரை ஜன்னல் கம்பி வழியாகச் சொம்பால் தூக்கி ஊற்றினார்கள். கூட்டின் செங்கல் இடுக்கில் ஒளிந்திருந்த கோழிப்பேன், கோழிகள் போன வருத்தத்தை மறந்து இவர்களைக் கடித்தது. வடிவு சொன்னபடி மூலையில் கொட்டி வைத்திருந்த அடுப்புச் சாம்பல் தயாராக இருந்தது. மூவரும் முறை வைத்துப் புரண்டார்கள். "வடிவு எவ்வளவு யோசிச்சுச் சொல்லியிருக்கா பாரு" என்று மாடக்கண்ணு உருகிப்போனார்.

தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து, வடிவு ஊர் திரும்பினாள். வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்களைத் தேடிப் பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை வெளேரென்ற கூடு, வாசலில் கோலம். கம்பிவலைக்குப் பின்னால் உச்சி முதல் பாதம் வரை சாம்பல் பூசிய மூன்று உருவங்கள் குந்தியிருந்தன.

"வா வடிவு. கூட்டைப் பாத்தியா? ஒரு பொட்டு எச்சம் கிடையாது" என்றது நடு உருவம்.

"கோழியெல்லாம் எங்க?"

"வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கு."

"சாவியைக் குடுங்க."

"அது செவலைக்கு அடியில இருக்கு."

"செவலை?"

"வீட்டுக்குள்ள."

வடிவு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அப்போது அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. கீச், கீச் கீச். அவள் முற்றத்தில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "மெதுவா உடை, மெதுவா!" என்று மூவரும் பின்னால் ஓடி வந்தார்கள். ஒரே போடு, பூட்டு தெறித்து விழுந்தது.

வீடு இருந்த இருப்பை நான் விவரிக்கப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். வடிவு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்பங்கரைக்குள் போனாள். அங்கே செவலை சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. சிறகுக்கடியிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகக் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. எல்லா முட்டையும் பொரித்திருந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை.

திட்டுவதற்காகத் திறந்த வாயை வடிவு மூடிக்கொண்டாள். சாம்பல் மூஞ்சியோடு வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்தாள். இந்த அடைக்காகத்தான் இவ்வளவு நாள் கூட்டில் கிடந்திருக்கிறார் என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சரி, போய்க் குளிச்சுட்டு வாங்க. சோறு பொங்குதேன்" என்றாள்.

செவலை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியது. காலிக் கூடையில் ஓடுகளுக்கு நடுவே சாவி கிடந்தது. அதைப் பார்த்ததும் மாடக்கண்ணுவின் முகம் வெளுத்துவிட்டது. சாம்பலையும் மீறி அது தெரிந்தது.

"ஐயோ, ஒண்ணு பொரிக்கலையே!"

இசக்கி சாவியை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "உள்ள களக்களன்னு சத்தம் இல்லை. கெடலைண்ணே, நல்லாத்தான் இருக்கு. கடைசியா வச்சதுல்லா? இன்னும் நாள் இருக்கும்."

"செவலை இறங்கிட்டுதே!" என்று மாடக்கண்ணு தவித்தார். "இது கெட்டுச்சுன்னா வடிவு போயிருவாளேடே!"

வடிவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. கோழிகளைக் கூட்டுக்கு விரட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவி, உலை வைத்து இறக்கி, இலை போட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். இரண்டு பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஆள் எங்கே என்று திரும்பினாள். அடுப்பங்கரை மூலையில், கூடைக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு வெள்ளப்பாண்டி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிச்சு வாடே சாப்பிட!"

"இப்ப எழுப்பாதீங்க மதினி. நானே இறங்கித் தின்னுட்டு நானே ஏறிக்கிடுவேன்."

வடிவு அகப்பையை ஓங்கினாள். மாடக்கண்ணு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாத வடிவு, அடை கலைஞ்சிரும். நீ எங்கேயும் போயிராத. இது ஒண்ணுதான் பாக்கி."

வெளியே வானம் லேசாக உறுமியது. இசக்கி இலையை விட்டுச் சடாரென்று எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் மண்வெட்டி இருந்தது.

"கொஞ்சம் விலகுங்க மதினி" என்றார். "இந்தக் கோழிக்கு இந்த அளவு சரியா இருக்கும்."