குளிருதுன்னு எவன் சொன்னது?

"குளிருதுன்னு நான் சொன்னேனா? நானா? எங்க, திரும்பச் சொல்லு பாப்போம்! நிலக்கோட்டை வெயில்ல, லோடு ஏத்திக்கிட்டு மேடு ஏறி, இஞ்சின் வெந்து சாகுது. அப்பப் போய் நான் குளிருதுன்னு சொல்வேனா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? விளக்கைப் போட்டுட்டு உள்ள போய் உக்காந்துக்கிட்டா ஆச்சா? பதில் சொல்லுய்யா!"

இப்படிக் கத்துனது ஒரு சென்சார். பெருவிரல் தண்டிதான் இருக்கும். பூ லோடு அடிக்கிற ஒரு பிக்கப் வண்டியோட இஞ்சின்ல, சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தண்ணி ஓடுற குழாய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டு, சூடு எவ்வளவுன்னு பாத்துச் சொல்றதுதான் அதோட பொழப்பு.

அது யாரைப் பாத்துக் கத்துச்சோ, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில இருட்டுல இருந்துச்சு. பெட்டி யார்கிட்டயும் வாயைத் திறக்காது. யார் மேலயாவது சந்தேகம் வந்தா, டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கைப் போட்டுட்டு, உள்ள பேரை எழுதி வச்சுக்கும். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்குற பழக்கமே கிடையாது.

அன்னிக்கு விளக்கு எரிஞ்சுச்சு. வண்டி கரும்புகையாக் கக்குச்சு. ஃபேன் சுத்தல. வண்டிக்காரர் பிச்சைமணி ஸ்கேனர் ஒண்ணை இரவல் வாங்கிச் சொருகிப் பாத்தார். 'சூடு பாக்குற சென்சார் கோளாறு'ன்னு வந்துச்சு.

"இம்புட்டுத்தானா? நானே வீட்டுல மாத்திருவேன்"னு புது சென்சார் வாங்கிட்டு வந்து, வாசல்ல வண்டியை நிறுத்தி பானட்டைத் தூக்கினார்.

இஞ்சின் ஆறுற வரைக்கும் உள்ள ஒரே சண்டை.

"பெட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்பா. படிச்ச பெட்டி"ன்னுச்சு பேட்டரி.

"படிச்சிருந்தா? ஃபேன் ஏன் சுத்தலைன்னு கேளு மொதல்ல!"ன்னுச்சு சென்சார்.

"பெட்டிகிட்ட இருந்து எனக்கு உத்தரவு வரல, நான் சுத்தல. என்னை ஏன்டா இழுக்குறே?"ன்னுச்சு ஃபேன்.

"இஞ்சின் கொதிச்சதை நீ பாக்கல? அனல் உன் மூஞ்சிலதானே அடிச்சுச்சு?"

"பாத்தேன். அதுக்கு? சொல்றது என் வேலை இல்லையே."

சென்சாருக்கு வெறி ஏறிருச்சு. தன் தலையில மாட்டியிருந்த பிளக்கைப் பாத்துச்சு. சென்சார் சொல்ற ஒவ்வொரு சொல்லையும் வாங்கி, ஒயர் வழியாப் பெட்டிக்கு அனுப்புறது அந்தப் பிளக்தான்.

"நீ சொல்லுடா. என் வாய்ப் பக்கத்துலயே இருக்கியே. நான் கொதிக்குதுன்னு சொன்னேனா, குளிருதுன்னு சொன்னேனா?"

பிளக் மென்னு முழுங்குச்சு. "எனக்கு... சரியாக் கேக்கலண்ணே."

"கேக்கலையா? அப்ப அங்க என்னத்தைடா சொன்னே?"

பிளக்கு மேல ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு மட்டும் காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

பிச்சைமணி பேட்டரி மைனஸைக் கழட்டினார். பிளக்கை உருவினார். ஸ்பானரைப் போட்டு ஒரு அமுக்கு. 'அய்யோ, சொல்றதைக் கேளுங்க'ன்னு சென்சார் கத்தக் கத்த, பச்சைத் தண்ணி ஒழுக, அதைப் பிடுங்கிப் பழைய ஆணி கிடக்குற டப்பாவுல எறிஞ்சார்.

புதுசு பளபளன்னு வந்து உக்காந்துச்சு. செம்பு வாஷர் மினுங்க, டப்பாப் பக்கம் ஒரு பார்வை. "பெரிசு, இனிமே நான் பாத்துக்கறேன். வேலைன்னா சுத்தமா இருக்கணும். சும்மா சவுண்டு விடக் கூடாது."

"போடு போடு. இன்னும் கொஞ்ச நேரத்துல உன் சவுண்டை நான் கேக்குறேன்"ன்னுச்சு டப்பாவுல கிடந்தது.

பிச்சைமணி கூலன்ட்டை ஊத்தி, ஸ்கேனர்ல விளக்கை அழிச்சுட்டு, வண்டியை எடுத்து ஊரை ஒரு சுத்துச் சுத்தினார். திரும்பி வாசலுக்கு வர்றதுக்குள்ள கரும்புகை. மஞ்சள் விளக்கு. அதே கோளாறு, அதே பேரு.

"நான் கொதிக்குதுன்னுதான் சொன்னேன்! சத்தியமா!"ன்னு புதுசு அலறுச்சு.

"வாடா தம்பி, வா. டப்பாவுல நிறைய இடம் இருக்கு."

பிச்சைமணி தலையில கையை வச்சுக்கிட்டார். விடியுறதுக்குள்ள மல்லிகை மதுரைக்குப் போய்ச் சேரணும். இப்படியே ஓட்டினா இஞ்சின் வெந்து பாதி வழியில படுத்துரும். பூவும் போச்சு, வண்டியும் போச்சு.

"புதுசும் டூப்ளிகேட் போல சுகந்தி. இன்னொண்ணு வாங்கணும்."

அவர் சம்சாரம் சுகந்தி இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னுச்சு. "ஏங்க, ரெண்டும் ஒரே பொய்யைப் பேசி வச்சுக்கிட்டா சொல்லும்? அந்தப் பழசைக் குடுங்க இப்படி."

ஒரு பழைய ஈயச் சட்டியில தண்ணியை அடுப்புல வச்சு, சென்சார் தலையை மட்டும் அதுல முக்கி, மேல இருந்த பின்னுல கரண்ட் பாக்குற மீட்டரோட ஒயரைப் பிடிச்சுக்கிட்டாங்க. தண்ணி சுடச் சுட மீட்டர்ல எண் இறங்கிக்கிட்டே வந்துச்சு. நல்ல சென்சாருக்கு அப்படித்தான் இறங்கணும். கொஞ்சம் கூடப் பிசகல. கொதிக்கிற தண்ணியில நின்னுக்கிட்டு, சென்சாருக்கு முதல் தடவையா அழுகை வந்துச்சு. தன்கிட்ட ஒருத்தர் கேட்டுட்டாங்களே!

"நல்லாத்தானேங்க இருக்கு இது. வேற எங்கயோதான் கோளாறு. அந்தப் பிளக்கைப் பாருங்க."

பிச்சைமணி பிளக்கை உருவி வெளிச்சத்துல காட்டினார். உள்ள பின்னெல்லாம் பச்சைப் பச்சையாக் களிம்பு பூத்துக் கிடந்துச்சு.

"பூஜைக்கு முன்னால பம்பைப் போட்டு இஞ்சின்ல தண்ணி அடிச்சீங்களே, நான் வேணாம் வேணாம்னு சொன்னேன்ல?"

"சாமி கும்பிடுற வண்டியைக் கழுவாம விடச் சொல்றியா?"

"கழுவுங்க. வாய்க்குள்ள ஏங்க அடிச்சீங்க?"

அப்பத்தான் பிளக் பொலபொலன்னு கொட்டுச்சு. "உள்ள தண்ணி போச்சுண்ணே. அப்பவே எனக்குப் பாதி காது போச்சு. மேல பொட்டு வச்சு, சூடம் காட்டினாங்க. மரியாதை பண்ணினவங்ககிட்ட எப்படிண்ணே குறை சொல்றது? காதுல விழுந்ததைக் குத்துமதிப்பா அனுப்பினேன். அங்க போறப்ப கொதிக்குதுங்கறது குளிருதுன்னு ஆயிருச்சு. பெட்டியும் அதை நம்பி, டீசலை அள்ளி ஊத்திட்டு ஃபேனை நிறுத்தி வச்சிருச்சு."

பிச்சைமணி பல்லு விளக்குற பழைய பிரஷ்ல கிளீனரைத் தொட்டுத் தேய்ச்சு, காய வச்சு மாட்டினார். வண்டி கிளம்புச்சு. புகை இல்ல. ஃபேன் சுத்துச்சு. விளக்கு அணைஞ்சுச்சு.

"அப்ப இந்தப் பழசைத் திருப்பி மாட்டிரலாமே?"ன்னு கேட்டுச்சு சுகந்தி.

"புதுசு மாட்டியாச்சு. திரும்பக் கழட்டினா கூலன்ட் வேற கொட்டும். கிடக்கட்டும் விடு." பழசைத் திரும்ப டப்பாவுல போட்டு, டப்பாவை சீட்டுக்கு அடியில தள்ளிட்டுப் பூ ஏத்தப் போயிட்டார்.

"அதான் எல்லாம் சரியாப் போச்சே"ன்னுச்சு பேட்டரி.

"விளக்கும் அணைஞ்சிருச்சு. இன்னும் ஏன் கத்துறே?"ன்னுச்சு ஃபேன்.

"யாருக்குச் சரியாப் போச்சு? என் இடத்துல வேற ஒருத்தன் உக்காந்திருக்கான்!" டப்பாவுக்குள்ள இருந்து நிமிந்து பாத்துச்சு சென்சார். சீட்டுக்கு அடியில இருந்து பாத்தா நேர் எதிர்ல பெட்டி.

"யோவ் பெட்டி! என் பேர்ல எழுதி வச்சதைச் சத்தமில்லாம அழிச்சுட்டியாமே? போடும்போது மட்டும் ஊரே பாக்க விளக்குப் போட்டே? அழிக்கிறது மட்டும் இருட்டுலயா? மன்னிப்பு கூட வேணாம்யா. அதே டேஷ்போர்டுல, அதே மாதிரி பளிச்சுன்னு, பேட்டரி பாக்க, ஃபேன் பாக்க, எல்லாரும் பாக்கச் சொல்லு.

குளிருதுன்னு நான் சொன்னேனா?"