உண்ணாமுலையின் மதகுக் கல்

வெகு காலத்துக்கு முன்னால் வேம்பாற்று நாட்டை விசயகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவருக்கு ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள், "எத்தனை சட்ட ஓலைகள்! எல்லாவற்றையும் ஒரே சுவடியாக்குங்கள்" என்று உத்தரவு போட்டார்.

அந்தப் பொறுப்பு மழவராயர் என்ற அதிகாரிக்குக் கிடைத்தது. அமைச்சர் ஆதனாரைக் கண்டாலே வயிறு எரிகிற ஆசாமி அவர். ஒரே மாதத்தில் சுவடியை முடித்தார். படியெடுத்த பழைய ஓலைகளை ஆற்றில் விடுவது அந்த நாட்டு வழக்கம், விட்டும் விட்டார். 'இதில் இல்லாத பழைய சட்டம் எதுவும் இனிச் செல்லாது' என்பது சுவடியின் கடைசி வரி.

சில நாளில் உப்பு வியாபாரி உண்ணாமுலை அரசவைக்கு வந்தாள்.

"மகாராசா! ஏரிக்கு மதகு கட்டணும்னு கழனிப்பாக்கம் ஊர்ச்சபை எங்கிட்ட ஆயிரம் பொன் கடன் வாங்குச்சு. பொதி மாடு நாப்பதையும் வித்துக் கொடுத்தேன். மூணு வருசம் தவணை ஒழுங்கா வந்துச்சு. இப்பக் கேட்டா, கடனே செல்லாதுங்கறாங்க. மாடும் இல்லாம, பொன்னும் இல்லாம நான் எப்படிப் பொழைக்கிறது?"

"ஊர்ச்சபை ஏரி வரியை அடகு வைத்துக் கடன் வாங்கலாம் என்றது பழைய சட்டம். அதை நான் சுவடியில் சேர்க்கவில்லை; ஆற்றோடு போயிற்று," என்றார் மழவராயர். "அரண்மனை முத்திரை இல்லாத கடன் செல்லாது என்கிறது புதுச் சட்டம். பழையதை எழுதியவர் இதோ ஆதனார்தான். அவரிடம் போய் அழு!"

ஆதனார் எழுந்தார். "மழவராயர் சொல்வது சரிதான், அரசே."

உண்ணாமுலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனால் கடனே இல்லையென்றால், இவள் பொன்னில் வாங்கிய கல் மட்டும் ஊருக்கு எப்படிச் சொந்தமாகும்? மதகைப் பெயர்த்துக் கல்லையாவது எடுத்துப் போகட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நாளைக் காலையே பெயர்க்கட்டும்! நானும் பார்க்க வருகிறேன்."

மறுநாள் பத்து ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். முதல் கல் அசைந்ததும் தண்ணீர் பீறிட்டது.

"ஐயையோ, நிறுத்துங்கள்!" என்று மழவராயர் தலைதெறிக்க ஓடிவந்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு அறுபது வேலி நிலம். நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஜெயித்த குஷியில் அது அவருக்கு நினைவில்லை. 'மதகு போனால் நம் வயல் என்னாகும்?' என்று வீட்டில் மனைவி கேட்ட பிறகுதான் உறைத்திருக்கிறது.

"கல் இவளுடையதாயிற்றே?" என்றார் ஆதனார்.

"எப்படி இவளுடையதாகும்? அன்றைக்கு இருந்த சட்டப்படி ஊர்ச்சபை முறையாகக் கடன் வாங்கிக் கட்டிய மதகு! நேற்று வந்த சுவடி அதை எப்படி மாற்றும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "எழுத்தாணி கொண்டுவாருங்கள்! பழைய சட்டப்படி வாங்கிய கடனைப் பழைய சட்டப்படியே அடைக்க வேண்டும். புதுச் சட்டம் இனி வாங்கும் கடனுக்குத்தான். இதைச் சுவடியில் சேருங்கள். சொன்னவர் மழவராயர் என்றும் எழுதுங்கள்."

ஆதனாருக்குப் பொன்னாடை கிடைத்தது. நின்றுபோன தவணையை ஊர்ச்சபை அங்கேயே கட்டியது. அசைந்த கல்லைத் தம் கையாலேயே சரிசெய்யும்படி மழவராயருக்கு உத்தரவு.

இடுப்பளவுத் தண்ணீரில் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்து உண்ணாமுலை கும்பிட்டாள்.

"நல்ல வார்த்தை சொன்னீங்க, சாமி. நேத்தே சொல்லியிருந்தா உடுப்பு நனைஞ்சிருக்காது."