குடுக்கைக்கு அலைந்த கீரி

ஏரிக்கரைப் பள்ளத்தில் ஒரு கீரி வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள் கண் திறக்காத குட்டிகள். போன மழைக்காலத்தில் எல்லோரும் தூங்கும்போது ஏரி நிரம்பி வழிந்து, பக்கத்து வளைகள் மூழ்கிப் போயின. மேட்டுக்கே குடிபோகலாம் என்றால் அங்கே வளை தோண்ட முடியாத வெறும் பாறை. பகலில் குட்டிகளைப் பருந்து கொத்திக்கொண்டு போய்விடும்!

கீரிக்குப் பழக்கமான தூக்கணாங்குருவி ஒன்று, வெள்ளம் வருவதை முன்கூட்டியே அறிவிக்க ஒரு கருவிக்குத் திட்டம் போட்டது. சுரைக்குடுக்கையில் ஓட்டை போட்டு மூங்கில் கழியைச் செருக வேண்டும். கழியின் உச்சியில் காய்ந்த வாகை நெற்றுகளைக் கட்ட வேண்டும். வெள்ளம் வந்தால் குடுக்கை மிதந்து ஆடும். நெற்றுகள் கலகலவென்று குலுங்கும். தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

"பிரமாதம்! சாமான் வாங்கி வருவது என் பொறுப்பு!" என்றது கீரி. பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

குடுக்கை மலைக்கு அந்தப்புறம் இருந்த குரங்கிடம் மட்டும்தான் கிடைக்கும். கீரி நாக்குத் தள்ள நடந்துபோய் வாங்கி வந்தது. கழியும் நெற்றும் வந்து சேர்ந்தன.

குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "கீரியக்கா, கழி இன்னும் தடிமனாக இருந்தால் எடுப்பாக இருக்குமே!"

தடித்த கழி வந்தது. அது ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கினால் குடுக்கை விரிசல் விடும். கீரி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மலையேறியது.

பெரிய குடுக்கை வந்ததும் குருவி உதட்டைப் பிதுக்காத குறைதான். "உருண்டையாக இருக்கிறதே! நீளக் குடுக்கை என்றால் அலையில் அழகாக ஆடும்!"

"இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தியது கீரி.

"இப்போதுதானே தோன்றியது, அக்கா!"

மறுபடியும் மலை. இந்த முறை குரங்கு கையை விரித்துவிட்டது. "நீளக் குடுக்கை கொடியில் பச்சையாகத் தொங்குகிறது. காய வேண்டாமா?"

"கொஞ்சம் சீக்கிரம் ஆகாதா?"

"அதை வெயிலிடம் போய்க் கேள்!"

கீரி வெறுங்கையோடு திரும்புவதற்குள் வானம் கறுத்துவிட்டது. ஏரித் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கவலைப்படாதே! அடுத்த மழைக்குள் அருமையாகச் செய்துவிடலாம்" என்றது குருவி.

கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் கூடு எங்கே இருக்கிறது?"

"பனைமர உச்சியில்."

"அதனால்தான் உனக்கு அடுத்த மழை வரை பொறுமை இருக்கிறது! என் குட்டிகள் பள்ளத்தில் கிடக்கின்றன!"

குருவி வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களைக் கீரி கிளறியது. முதலில் வாங்கிய சின்னக் குடுக்கையும் ஒல்லிக் கழியும் கிடைத்தன. கழியைச் செருகி, நெற்றுகளைக் கட்டி, மிதந்து போகாமல் ஒரு கல்லோடு பிணைத்துப் பள்ளத்து விளிம்பில் வைத்தது.

"ஐயே, அசிங்கமாக இருக்கிறதே!" என்றது குருவி.

அன்று இரவு மழை கொட்டியது. அலைந்த களைப்பில் கீரி அசந்து தூங்கிவிட்டது. திடீரென்று கலகல, கலகலவென்று சத்தம்! கீரி துள்ளி எழுந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் பனையடி மேட்டுக்கு ஓடியது. கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் வளைக்குள் தண்ணீர் புகுந்தது.

மேலே கூட்டிலிருந்து குருவி எட்டிப் பார்த்தது. "பார்த்தாயா அக்கா, நீளக் குடுக்கையாக இருந்திருந்தால் இன்னும்..."

கீரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. குருவி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நாளுக்கொரு திருத்தம் சொல்லி வந்து சேராமலே போகும் அழகான கருவியைவிட, ஆபத்துக்கு முன் கைக்கு வரும் எளிய கருவியே உயிரைக் காக்கும்.