ஆட்காட்டியின் வயிற்று இறகு

“நேற்று நனை என்றாய், இன்று நனைக்காதே என்கிறாய், உன் பேச்சைக் கேட்டு யார் குடும்பம் நடத்துவது?”

விடிந்ததும் குட்டைக்கரையில் கௌதாரி போட்ட கூச்சல் இது. சொல் மாறாமல் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்து மேட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆட்காட்டிப் பறவைக்குத்தான் அந்த ஏச்சு.

அந்தக் குட்டை இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்தது. கோடையில் அங்கே ஒரு நாள் போல மறுநாள் இராது. சமவெளிக் காற்று வீசினால் கூழாங்கல்லெல்லாம் அடுப்புக்கல்லாய்ச் சுடும். மலைக்காற்று இறங்கினால் மார்கழியாய் நடுக்கும். இவர்கள் இருவரும் தரையில் முட்டையிட்டவர்கள். வெந்தாலும் போச்சு, விறைத்தாலும் போச்சு.

முந்தின நாள் அனல். ஆட்காட்டி குட்டைக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்து, ஈரத்தோடு வந்து முட்டைமேல் உட்கார்ந்தாள். காய்ந்ததும் மறுபடி ஓட்டம். அவள் புருஷனும் முறை மாற்றி ஓடினான். “நீயும் நனை” என்று அவள் சொல்ல, கௌதாரியும் பார்த்து அப்படியே செய்தாள். முட்டைகள் பிழைத்தன.

இன்றோ மலைக்காற்று.

“இன்றைக்கு வயிறு காய்ந்திருக்கணும்டி. பேசாமல் உட்கார்.”

“கோடை என்றால் கோடைதானே அக்கா? எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கிற ஊர் வந்து உனக்கு அடைகாக்குமா?”

கௌதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரே போய்க் குட்டையில் முங்கினாள். சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் உடம்பே வெடவெடத்தது. அடியில் முட்டைகள் சில்லிட்டன.

“அக்கா! சீக்கிரம் வா!”

ஆட்காட்டி தன் முட்டைகளைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தாள். “நகரு. பாறையோரம் போய் உலர்.”

காய்ந்த வயிற்றோடு அடுத்தவள் முட்டைமேல் உச்சிவேளைவரை உட்கார்ந்தாள். திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள், ஆனால் அசையவில்லை. வாய் அப்படி, மனசு இப்படி. இவளைப் போல ஒருத்தி பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒரு முட்டை மட்டும் சூடேறவே இல்லை. மற்றவை பிழைத்தன.

“உனக்கு மட்டும் எப்படி அக்கா முன்கூட்டியே தெரிகிறது?”

“யாருக்குத் தெரிகிறது? விடிந்ததும் தரையில் காலை வைத்துப் பார்க்கிறேன். உனக்குக் கால் இல்லையா?”

நேற்றைய வெயிலுக்கு இன்று உழைப்பவள் எவ்வளவு உழைத்தாலும் வீண். அன்றன்றைக்குத் தொட்டுப் பார்த்துச் செய்கிறவளே பிழைப்பாள்.

மறுநாள் விடிந்தது. ஆட்காட்டி மேட்டில் நின்று, தரையில் காலை ஊன்றி, கண்ணை மூடியிருந்தாள். கௌதாரி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“அக்கா, இன்றைக்கு நனைக்கணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயேன்.”